குமுளிக் கணவாய் ஏறிய வீடு

என் தம்பிக்குக் காசநோய் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்ட பிறகு, அவனை எங்கே கொண்டுபோவது என்பதைக் காட்டிலும் வழியில் எங்கே தங்கவைப்பது என்பதே எங்களுக்குப் பெருங்கவலையாயிற்று. இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. இன்று ஊசியாலும் மாத்திரையாலும் போய்விடுகிற அந்த நோய்க்கு அன்று நல்ல காற்றும் நல்ல உணவும் கடவுளும்தான் மருந்து. மேற்கு மலைக்கு அப்பால், மலையாள நாட்டு எல்லைக்குள், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு வைத்தியர் இருப்பதாகவும், பிறர் கைவிட்ட சிலரை அவர் எழுந்து நடமாடச் செய்திருப்பதாகவும் கேள்விப்பட்டோம். ஆனால் காசநோய்க்காரனுக்கு எந்தச் சத்திரத்திலும் இடம் கிடையாது. ஓர் இருமல் கேட்டால் போதும், விரித்த பாயைச் சுருட்டச் சொல்லிவிடுவார்கள். வைத்தியரும் தம் தோப்பில் மரநிழலைத்தான் கொடுப்பாராம். கூரையை நோயாளியின் வீட்டாரே கொண்டுவர வேண்டும்.

என் கணவருக்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை. அதிகம் பேசாதவர். "சத்திரத்துல எடம் இல்லேன்னா, வீட்டையே எடுத்துக்கிட்டுப் போவோம்" என்று ஒருநாள் சொன்னார். சொன்னபடியே, ஓட்டம் நிறுத்தப்பட்டுக் கிடந்த பழைய பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஒரு கட்டிலைத் தரைப்பலகையோடு திருகாணியால் முடுக்கினார். பின்புறம் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு தகர மேடை, பக்கத்தில் குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாய், சன்னல்களுக்குப் படுதா. மேலே தகரக் கூரை. அது வாசலில் வந்து நின்ற அன்று தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காட்டினோம்.

"சீர் செய்றதுன்னா இப்படிச் செய்யணும் அத்தான்" என்றான். "எனக்குப் பொண்ணு வரலேன்னாலும் வீடு வந்துருச்சு."

"ஏறிப் படு மாப்ள. பேசினா இருமல் வரும்" என்றார் அவர்.

வைகாசியில் நாள் பார்த்தோம். மேற்கே சூலம் இல்லாத கிழமை, நோயாளியின் நட்சத்திரத்துக்குப் பொருந்திய வேளை, எல்லாம் கூடி வந்தது ஒரே ஒரு முகூர்த்தம். ஆனால் நெடுந்தொலைவுக்கு வண்டி இன்னும் ஆயத்தமாகவில்லை. இத்தகைய இக்கட்டுக்கு எங்களவரிடம் ஒரு வழி உண்டு. குறித்த நேரத்தில் புறப்பட இயலாதவர், தம் உடைமை ஒன்றைப் போகும் திசையிலுள்ள வேறோர் இடத்தில் அந்த நேரத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். அதனால் பயணம் தொடங்கியதாகிவிடும். இதைப் பரஸ்தானம் என்போம். வைத்தது வீடு திரும்பலாகாது. பிறர் ஒரு குடையையோ வேட்டியையோ வைப்பார்கள். நாங்கள் வைத்தது வண்டியை, வண்டிக்குள் தம்பியை.

காளவாசல் அந்நாளில் ஊருக்கு வெளியே இருந்தது. செங்கற்சூளைகள் புகைந்துகொண்டிருந்த அந்த வெளியில் உறவினர் ஒருவரின் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மறுநாள் புறப்பட்டுவிடலாம் என்றுதான் எண்ணினோம். மறுநாள் காலை டிரைவர் வந்தார். பழைய நகரத்து முஸ்லிம் குடும்பத்தவர்; கம்பம் தடத்தில் பல்லாண்டு பஸ் ஓட்டியவர்; அவரை நாங்கள் பாய் என்றே அழைத்தோம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர், பின்சக்கரத்தின் மேல் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்பட்டை விரிசல் விட்டுவிட்டது, புதியது சென்னைப் பட்டணத்திலிருந்து ரயிலில் வந்தாக வேண்டும் என்றார்.

அது வந்துசேர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. அத்தனை நாளும் தம்பி அந்தத் தகரக் கூரையின் கீழே கிடந்தான். எங்கள் வீடு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருந்தது. அங்கே கல்தளமும் கிணறும் குளிர்ந்த கூடமும் இருந்தன. பரஸ்தானம் போனவன் மீண்டும் படியேறினால் போகிற காரியம் பலிக்காது என்று குடும்பத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். மறுத்துப் பேசலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கினி நட்சத்திரம் கழிந்தும் வெயில் கழியாத ஆண்டு அது. காற்று திரும்பும்போதெல்லாம் சூளைப் புகை படுதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நான் ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்தபடி இருப்பேன்.

"செங்கலையும் சுடுறான், என்னையும் சுடுறான்" என்பான் தம்பி. "எது மொதல்ல வேகுதுன்னு பாப்போம்க்கா."

முதன்முதலாக அவன் வாயிலிருந்து இரத்தம் வந்தது அந்தப் புளியமரத்தடியில்தான்.

வில்பட்டையைப் பூட்டி முடித்த பாய், கையைத் துடைத்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்: "தம்பிய இம்புட்டு நாளும் வீட்ல வச்சிருக்கலாமேண்ணே?"

கணவர் காரணத்தைச் சொன்னார். பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கு. வாங்க, போவோம்" என்றார்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று வண்டி மெல்லப் போயிற்று. தேனியைத் தாண்டியதும் மேல்காற்று முகத்தில் அடித்தது. எங்களுக்கு அது இதமாக இருந்தது, பாய்க்கு இல்லை. மலைக்கு அந்தப்புறம் மழை கூடிவிட்டதற்கு அது அடையாளம். "மழை எறங்கிருச்சுன்னா மேல மண்ணு சரிஞ்சிரும். அதுக்குள்ள ஏறிப்புடணும், அம்புட்டுதான்" என்றார். கம்பத்தில் ஓர் இரவு சாலையோரத்தில் தங்கி, விடிந்ததும் மலையடிவாரம் சேர்ந்தோம். அங்கே காவல் தெய்வத்தின் முன் நான் சூடம் ஏற்றினேன். பாய் வண்டியில் அமர்ந்தபடியே கண்மூடித் தம் மார்க்கத்துக்குரிய சொல்லைச் சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினார்.

மலைப்பாதை நான் நினைத்ததைவிட ஒடுங்கியிருந்தது. ஒருபுறம் நீர் கசியும் பாறை. மறுபுறம் முழங்கால் உயரத்துக்கு நட்ட கற்கள், அவற்றுக்கு அப்பால் வெறுமை. வண்டி நீளமானதாகையால் கொண்டையூசி வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பாது. பாறையை முட்டுமளவுக்கு முன்னே போய், பள்ளத்தின் விளிம்புவரை பின்னே வந்து, மீண்டும் முன்னே போக வேண்டும். பின்னே வரும்போது சக்கரம் உருண்டுவிடாமல் தடுக்க ஒருவர் கட்டையோடு கூடவே நடந்தாக வேண்டும். கடையில் பட்டுச்சேலை விரித்துக் காட்டியே பழகிய என் கணவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரக்கட்டையும் கையுமாக வண்டியின் பின்னே ஓடிவந்தார்.

தம்பி படுதாவை விலக்கி அவரைப் பார்த்துக்கொண்டே வந்தான். "அக்கா, அத்தானைப் பாரு. சித்திரைத் தேருக்குக் கட்டை போடுறவரு மாதிரியே வாராரு."

"தேருன்னா உள்ள சாமி இருக்கணும் மாப்ள" என்றார் அவர் மூச்சு வாங்க.

"ஏன், நான் இல்லையா? அசையாமப் படுத்திருக்கேன். ரெண்டு வேளை நைவேத்தியம் ஆகுது. மூணு பேரு சேந்து இழுக்குறீக. யாருக்காச்சும் ஒரு பிரயோசனம் உண்டா?"

இறைநிந்தை என்று அவனைக் கடிந்திருக்க வேண்டிய நானே சிரித்துவிட்டேன். பாயும் சிரித்தார், எஞ்சின் நின்றுவிட்டது. "தம்பி, வளைவுல மட்டும் பேசாதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரு பதிகம் ஓதினேன். நோய் நீங்கவும் இடர் களையவும் ஓதத்தக்கவை என்று எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கருதப்பட்டவை அவை. ஒரு கையால் கட்டிலின் கயிற்றையும் மறுகையால் அவன் துப்பும் பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டு, தரையில் காலை ஊன்றி, எஞ்சினின் இரைச்சலுக்கு மேலே குரல் எழும்பும்படி ஓதினேன்.

"நீ பாடுறது எஞ்சினுக்கா, எனக்கா?" என்றான் தம்பி.

"ரெண்டுக்கும் சேத்தே பாடுங்கக்கா" என்றார் பாய். "ரெண்டும் ஒரே சத்தத்துலதான் இருமுது."

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ஒரு வளைவில் பின்னே வரும்போது சக்கரத்தின் கீழ்க் கட்டை வழுக்கித் தெறித்தது. வண்டி தானாகப் பின்னே நகர்ந்தது. பாத்திரங்கள் எல்லாம் ஒருசேரச் சரிந்து பின்சுவரில் மோதின. நான் ஓதிக்கொண்டிருந்த பாட்டு பாதி அடியில் நின்றுவிட்டது. கணவர் ஒரு பாறாங்கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து சக்கரத்தின் கீழே போட்டார். சக்கரம் அதில் ஏறி நின்றது. கொதித்த ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. அந்தக் குலுக்கலில் தம்பிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பாத்திரம் உருண்டு போயிருந்ததால் என் முந்தானையை ஏந்தினேன். அது நனைந்தது. காளவாசலில் கண்டதைப்போல் சில துளிகள் அல்ல.

அதன்பின் வெகுநேரம் அவன் வேடிக்கை பேசவில்லை. மேலே போகப்போக மூடுபனி இறங்கிற்று. சமவெளியில் காற்றுக்காக ஏங்கியவன், கிடைத்த காற்றை இழுக்க இயலாமல் நடுங்கினான். இருந்த போர்வைகளையெல்லாம் அவன்மேல் போட்டேன். இந்தக் குளிரைத்தானே மருந்து என்று தேடிவந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவாயின் உச்சியில் எல்லைச் சாவடி. காவலர் ஒருவர் படுதாவைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தம்பி இருமினான். அவர் விரைந்து பின்வாங்கி, ஒன்றும் கேட்காமல் தடுப்புக் கழியைத் தூக்கிவிட்டார்.

"மகாராசா வந்தாக்கூட நின்னு கேட்டுட்டுத்தான் விடுவாங்களாம்" என்றான் தம்பி, மெல்லிய குரலில். "என் இருமலுக்கு இம்புட்டு மரியாதை." அன்று அவன் பேசிய கடைசி வேடிக்கை அது.

வைத்தியரின் தோப்பை நண்பகல் கடந்து அடைந்தோம். முதியவர், ஓலைக்குடையோடு வந்து வண்டியின் படியில் நின்றே தம்பியின் கையைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். சீக்கிரமே விட்டுவிட்டார். நகங்களைப் பார்த்தார், நான் மாற்றிவிட்டுக் கட்டிலோரம் போட்டிருந்த, இரத்தம் படிந்த சேலையைப் பார்த்தார். பிறகு என் கணவரைத் தனியே அழைத்துப் போனார். அவர்கள் பலாமரத்தடியில் நின்று பேசியது எனக்குக் கேட்கவில்லை. கணவர் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை மூட்டத் தொடங்கினார். அவர் அடுப்பு மூட்டி நான் அதுவரை கண்டதில்லை.

"தூக்கத்துக்கு ஒரு மருந்து தாரேங்கிறாரு" என்றார் தணிந்த குரலில்.

"நோய்க்கு?"

அவர் குனிந்து அடுப்பின் திரியை ஏற்றினார்.

அன்று மாலையே மழை இறங்கிற்று. இரண்டு நாளில், நாங்கள் ஏறிவந்த பாதையில் மண் சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முன்னே போக ஓர் இடமும் இல்லை; பின்னே போக வழியும் இல்லை. பலாமரத்தடியில் அந்த வண்டி எங்களுக்கு உண்மையாகவே வீடாயிற்று. பாய் மட்டும் நாள்தோறும் எஞ்சினை ஒருமுறை முடுக்கிப் பார்ப்பார், ஈரம் ஏறக்கூடாதாம். ஆனி முடியும் முன்பே தம்பி போய்விட்டான். அவனுக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. மருந்து தந்த தூக்கத்திலேயே போனான் என்பதை ஓர் அருளாகக் கொள்ளும்படி பின்னாளில் பலர் எனக்குச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய ஒரு பிற்பகல் என் நினைவை விட்டு நீங்கவில்லை. மழை தகரத்தின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தம்பி கண்ணைத் திறந்து, பாடு என்பதுபோல் என்னைப் பார்த்தான். நான் ஒரு பதிகத்தை எடுத்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு பாட்டாக ஓதிவந்தேன். அவன் உதடுகளும் கூடவே அசைந்தன. பதிகத்தின் கடைசிப் பாட்டு, ஓதுவார்க்கு இன்ன பலன் கிட்டும் என்று உறுதி சொல்வது. அதற்கு முந்தைய பாட்டோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குல்லக்கா?" என்றான்.

"இல்லடா. அம்புட்டுதான்."

அவனுக்கும் அந்தப் பதிகம் முழுதும் மனப்பாடம். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரிக்கா" என்றான்.