ஸ்டேடியத்தின் பெண்கள் வாசல்

எங்கள் இருவரில் நன்றாக ஆடியவள் என் சினேகிதிதான். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பள்ளிக் கால்பந்து அணிக்கு அவள் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. நான் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்திருக்கும் பதினான்காவது ஆள். என் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். அவளுடைய அப்பா அதே தொழிற்சாலைக்குள் ஒரு கான்ட்ராக்டரிடம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு அவர்களுக்கு.

கல்லூரியில் சேர்ந்த வருடம்தான் முதன்முதலாக ஸ்டேடியத்துக்குப் போனோம். சென்னை அணியின் சொந்த மைதானம் அது. ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வந்துவிடும். டிவியில் சின்னதாகத் தெரிந்த புல் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவள் ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் பந்தையே பார்க்கவில்லை. லெஃப்ட் பேக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், எப்போது உள்ளே வருகிறான் என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாட்களில் மலிவான ஸ்டாண்டின் டிக்கெட் ஒரு பிரியாணி விலைதான். டிக்கெட் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. திரும்பி வருவதுதான் பிரச்சினை. எங்கள் வகுப்புப் பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து போனார்கள். எங்களால் அது முடியாது. ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரைச் சாலையில் நடந்து வரக்கூடாது என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“போறதுன்னா போ. வரசொல்லோ ஆட்டோல வா. நடந்து வந்தேன்னு எவனாவது வந்து சொன்னான், அதோட சரி.”

டிக்கெட்டைவிட ஆட்டோவுக்கு அதிகம் ஆனது. முதலில் என்னைக் குவார்ட்டர்ஸ் கேட்டில் இறக்கிவிட்டு அவளைப் பருத்திப்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே ஆட்டத்தைப் பார்க்க, பையன்களைப் போல இரண்டு மடங்கு எங்களுக்குச் செலவானது. நான் குவார்ட்டர்ஸ் குழந்தைகளுக்கு டியூஷன் எடுத்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்தாள். அப்படியும் ஒரு சீசனில் மூன்று ஆட்டங்கள்தான் போக முடிந்தது.

அடுத்த வருடம் அதுவும் குறைந்தது. பழுதுபார்க்கிறார்கள் என்று மலிவான ஸ்டாண்டை மூடினார்கள். அதற்கு அடுத்த ஸ்டாண்டின் விலை இரண்டு பங்குக்கு மேல். சன்னலில் கை நீட்டி வாங்கும் கவுன்டரையும் எடுத்துவிட்டார்கள், எல்லாம் போனில்தான். டிக்கெட்டுக்கு மேல் வசதிக் கட்டணம் என்று ஒரு வரி வந்தது. அதை அவள் என் போனை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“யாரு வசதிக்கு?” என்று கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஆட்டத்துக்கு நாங்கள் போகவில்லை.

அந்த வருடமே அவளுடைய அப்பா வேலை பார்த்த கான்ட்ராக்ட் முடிந்தது. புதிதாக எடுத்தவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பி.காம் இரண்டாம் வருடத்தோடு நின்றாள். நான் படிப்பை முடித்து அம்பத்தூரில் ஒரு ஐடி அலுவலகத்தில் சேர்ந்தேன். சந்திப்பது குறைந்தாலும் ஆட்டம் இருக்கும் நாட்களில் போனில் பேசிக்கொண்டே டிவி பார்ப்போம்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். குரல் துள்ளியது.

“மச்சி, வேல கெடச்சிகீது. எங்க தெரியுமா? ஸ்டேடியத்துல. காசும் குடுத்து மேட்ச்சும் காட்றான்.”

ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவர் கல்யாண மண்டபம், பொருட்காட்சி, ஸ்டேடியம் என்று எல்லா இடத்துக்கும் பாதுகாப்பு வேலைக்குப் பெண்களை அனுப்பிக்கொண்டிருந்தார். தினக்கூலி. வாசலில் வரும் பெண்களைச் சோதனை போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். கூட்டம் உள்ளே போய்விட்டால் மீதி ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாக அவள் சொன்னாள்.

முதல் நாள் போய்வந்த பிறகு அவளிடம் அந்தத் துள்ளல் இல்லை. பெண்கள் வாசல் ஸ்டேடியத்தின் வெளிச்சுவரில் இருந்தது. மூன்று பக்கம் துணி கட்டிய மறைப்பு ஒன்று. அதற்குள்தான் நின்றிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகும் யாராவது தாமதமாக வருவார்கள். அவர்கள் வருவதும் நின்ற பிறகு, வெளியே போகிறவர்களுக்கு வழிவிட நிற்க வேண்டும். மைதானம் இருக்கும் பக்கம் அவளுக்குச் சிமென்ட் படிகளின் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும்.

“சத்தம் கேக்குது இல்ல. அத வெச்சே சொல்லிருவேன்” என்றாள். “கோல்னா ஒரு சத்தம். மிஸ்ஸானா ஒரு சத்தம். ஆஃப்சைடுனா ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரும்.”

அந்த சீசன் முழுவதும் அவள் அப்படித்தான் நின்றாள். வேலையை விட்டுவிடச் சொன்னேன். “வுட்டுட்டு?” என்று கேட்டாள்.

அடுத்த வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஆட்டத்தின் பாஸ்கள் வந்தன. ஏதோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது. எங்கள் டீமில் ஆறு பேருக்கு. மெத்தை வைத்த நாற்காலி, சாப்பாடு, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை எல்லாம் உண்டு. மற்ற ஐந்து பேரில் ஒருவருக்கும் கால்பந்தில் ஆர்வம் கிடையாது. அவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. அவருடைய பாஸ் என் கைப்பையில் இருந்தது.

சனிக்கிழமை, ஐந்து மணி ஆட்டம். பெண்கள் வரிசையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியும் நின்றோம். துணி மறைப்புக்குள் நுழைந்தபோது அவள்தான் நின்றிருந்தாள். சுடிதாருக்கு மேல் கருநீல செக்யூரிட்டி ஜாக்கெட், முதுகில் பெரிய எழுத்து. அன்றைக்கு நான் வருவதை அவளிடம் சொல்லவில்லை. ஓசியில் வருகிறேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

அவள் என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

“கைய தூக்குங்க மேடம்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டு கைகளாலும் என் விலாவில் தொடங்கி இடுப்பு வரைக்கும், பிறகு முதுகில், பிறகு கால் பக்கம் தடவினாள். ஒரே பெஞ்சில் ஏழு வருடம் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எத்தனையோ முறை அவள் தோளில் சாய்ந்து ரயிலில் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கைகள் பட்டபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பையைத் திறந்தாள். பவர் பேங்க் உள்ளே எடுத்துப்போகக் கூடாது. அவள் காலடியில் இருந்த பெட்டியில் பவர் பேங்க்கும் சீப்பும் சென்ட் பாட்டிலும் சில்லறைக் காசும் குவிந்து கிடந்தன. என்னுடையதை எடுத்துப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள்.

“போ, போ. பின்னாடி ஆள் நிக்கிது.”

அந்த இடத்தில் நான் பேசாமல் போயிருக்கலாம். பையிலிருந்த அந்த ஆறாவது பாஸை எடுத்து அவள் ஜாக்கெட் பையில் திணித்தேன்.

“எங்க பக்கத்துல ஒரு சீட் காலி. இன்டர்வெல்லுக்கு அப்புறம் வா.”

“லூசாடி நீ. சூப்பர்வைசர் சுத்திகினே கீறான்.”

“பத்து நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போ. யாரு பாக்கப் போறா.”

அவள் எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் கையைத் தூக்கச் சொன்னாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வந்தாள். ஜாக்கெட்டின் மேல் துப்பட்டாவைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படிகளில் குனிந்தபடி இறங்கி வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சமோசாவை நீட்டினேன், வாங்கவில்லை. விளக்குகள் போட்டிருந்தார்கள். புல் அந்த வெளிச்சத்தில் மின்னியது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறிது நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். “நம்ம லெஃப்ட் பேக்க பாரு. மேல மேல ஏறிகினே கீறான். பின்னாடி மைதானமே காலியா கீது.”

நான் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரணிக்காரன் ஒருவன் அந்தக் காலி இடத்தில் ஓடி வந்து பந்தை வாங்கினான். கோல். ஸ்டேடியம் அடங்கிப்போனது. அவள் மட்டும் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “சொன்னேன்ல” என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

மேல் படியில் நின்றிருந்த சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். துப்பட்டா நழுவியிருந்தது.

அவர் இறங்கி வந்தார். கத்தவில்லை. “கேட்ல யார வுட்டுட்டு வந்த?” என்றார் அவளிடம். அவள் எழுந்து நின்றாள். கழுத்திலிருந்த அட்டையை அவர் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் டீம் லீட் உட்பட எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“மேடம், இந்தப் பொண்ணு உங்கள எதுனா தொந்தரவு பண்ணுச்சா?”

இவள் என் சினேகிதி, நான்தான் கூப்பிட்டேன், பாஸ் நான் கொடுத்தது என்று சொல்வதற்கு மூன்று வாக்கியம் போதும். அலுவலகத்துப் பாஸை வெளியாளுக்குக் கொடுத்தேன் என்று டீம் லீடுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அவள் பிடுங்காமல் விட்ட பவர் பேங்க்கும் நினைவுக்கு வந்தது. அதெல்லாம் காரணமா என்று இப்போது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்த நாற்காலி வரிசையில் அந்த ஜாக்கெட்டைத் தெரிந்தவளாக இருக்க எனக்கு அந்த நிமிடம் பிடிக்கவில்லை.

“இல்ல சார். பரவால்ல” என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் படியேறிப் போனாள்.

“யாரு அது?” என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள்.

“எங்க ஏரியாதான்” என்றேன்.

பின்னாலேயே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று ஒன்றும் நினைவில்லை. முடிந்ததும் பெண்கள் வாசலுக்கு ஓடினேன். மறைப்புக்குள் வேறொரு பெண் நின்றிருந்தாள்.

“அந்த அக்காவா? அப்பவே அனுப்சிட்டாங்க. ஜாக்கெட்ட கழட்டி வாங்கிகினாங்க. இன்னிக்கி கூலியும் இல்ல.” பிறகு என் அட்டையைப் பார்த்துவிட்டு, “உங்களுது எதுனா காணமா மேடம்?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை. கான்ட்ராக்டர் மண்டப வேலைகளுக்கும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்று குவார்ட்டர்ஸில் ஒருவர் மூலமாகக் கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவருகில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வா. வெயில்ல நிக்காத.”

அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு உள்ளே போனார். அவரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

“அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“சொன்னா மட்டும்? அந்தாளு எப்டியும் அனுப்சிட்டுதான் இருப்பான்.”

“இருந்தாலும்.”

அவள் ஒரு சட்டையின் கைகளை உள்ளே மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். “அனுப்சது எனக்கு பெருசா இல்லடி. நீ பரவால்லன்னியே. நான் இன்னாமோ உன் கால மிதிச்சிட்ட மாதிரி.”

நான் அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருப்பதைச் சொன்னேன். நல்ல ஸ்டாண்ட், ஓரத்தில், அவள் எப்போதும் கேட்கும் இடது பக்கம். நான் எடுத்தது, என் சம்பளத்தில்.

“எந்த வழியா உள்ள போறது?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“லேடீஸ் கேட்டு ஒண்ணுதான் கீது. அங்க நிக்கிறதுங்கோ எல்லாம் என்னோட நின்ன பொண்ணுங்க. அதுங்க என்னிய தடவி பாத்து உள்ள அனுப்பணும். நான் போய் குந்திகினு மேட்ச் பாக்கணும். வேணாம்டி. யாரனா இட்டுகினு போ.”

யாரையும் அழைத்துப் போகவில்லை. நானும் போகவில்லை. ஆட்டம் நடந்த மாலையில் போனைத் திறந்து அந்த இரண்டு டிக்கெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. கம்பெனி வேன் பருத்திப்பட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. சனிக்கிழமையும் வேலை உண்டு. எப்போதாவது மெசேஜ் அனுப்புவாள், பண்டிகை வாழ்த்துப் படம் மாதிரி. நானும் ஒரு படம் அனுப்புவேன்.

போன மாதம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் மருந்துக்கடைப் பை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, பெயின்ட் வாசனை உள்ளே இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். வேலையைப் பற்றிக் கேட்டேன், பரவாயில்லை என்றாள். அந்த வாரம் சென்னை அணி தோற்றிருந்தது. புதிய கோல்கீப்பர் கைக்குள் வந்த பந்தைக் கோட்டைவிட்டான் என்று சொன்னேன்.

“கோல்கீப்பர் மாறிட்டானா?” என்றாள்.

அவன் மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. “ஆமா” என்றேன். அவளுடைய பஸ் வந்தது. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறி, பெண்கள் பக்கம் நின்றுகொண்டாள். பஸ் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். அவள் டிக்கெட் எடுக்கக் கண்டக்டரிடம் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.