பூ பட்ட குதிங்கால்

எங்கள் ஊர்ப் பூக்குழியில் யாருக்கும் கால் சுடாது. சுட்டாலும் அப்படிச் சொல்லக் கூடாது. "பூ பட்டிருக்கு" என்பார்கள், அதையும் பக்கத்து வீட்டு ஆளைப் பற்றித்தான் சொல்வார்கள். பூ பட்டவன் விரதத்தை முறித்தவன். இதில் ஊருக்குச் சந்தேகமே கிடையாது.

டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் பூக்குழி பார்க்க வேன் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்ததால், மாமா மஞ்சள் வேட்டி கட்டி விரதம் இருந்தார். நடுவில் கிணற்று மோட்டாரில் கருகிப்போன கம்பிச்சுருளை மாற்றி, புதுக் காயில் கட்ட மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. ஊர் சுற்றுவது என்றால் நான் சோறு தண்ணி கேட்காதவள், ஒட்டிக்கொண்டேன். திரும்பும்போது திருநகரில் ஒரு கடை வாசலில் முட்டைப் புரோட்டா கொத்தும் சத்தம் கேட்டது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கிக் கொடுத்தார். பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. மாமா இலையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தோளில் கிடந்த மஞ்சள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வீணாப் போகக் கூடாதுல்ல, மருமகளே?" என்றார். மீதி அவர் வயிற்றுக்குள் போனது.

பூ இறங்கும் அன்று காலையில் பெண் வீட்டார் முன்வரிசையில் நின்றார்கள். மாமாவுக்கு முன்னால் போனவர் தோளில் பிள்ளையைச் சுமந்திருந்தார். குழியின் நடுவில் பிள்ளை சரிய, தூக்கி வைக்க அவர் நின்றார். மாமாவும் நிற்க வேண்டியதாயிற்று. ஓரிரண்டு மூச்சு நேரம்தான். குதிங்காலை ஊன்றி நின்றார். பிறகு சிரித்தபடியே கரையேறி, பெண் வீட்டாருக்குக் கையெடுத்துக் கும்பிட்டு, திருநீறு வாங்காமல் எங்கள் தோட்டத்தைப் பார்த்து நடந்தார். திருநீறு வாங்காததை நான் மட்டும்தான் கவனித்தேன். பின்னாலேயே ஓடினேன்.

தொட்டிச் சுவரில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினார். முன்பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது. விரல்களுக்குக் கீழே கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. ஊதினால்கூடத் துடித்தார். குதிங்கால் இரண்டும் வெள்ளையாக, காய்ந்த தோல் மாதிரி அமைதியாக இருந்தன.

என்ன செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதம்தான் ஒரு நர்ஸம்மா பள்ளிக்கு வந்து தீக்காயம் பற்றிப் பேசியிருந்தார். மோட்டாரைப் போட்டேன். குழாய்த் தண்ணீர் காலில் நேராக விழுந்தால் வலிக்கும் என்று வாய்க்காலில் காலை நீட்டச் சொன்னேன். எடுக்கப் பார்த்தவரை அதட்டினேன்.

"இருபது நிமிஷம். அதுக்கு முன்னாடி எடுத்தீங்க, முட்டைப் புரோட்டாவ ஊருக்கே சொல்லிருவேன்."

"ஆத்தா, ஒன்னக் கூட்டிட்டுப் போனதுக்கு எனக்கு இது வேணும்" என்றார் மாமா.

அம்மா பற்பசைக் குழாயோடு ஓடி வந்தாள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியாது.

"எதையும் பூசக் கூடாதும்மா, நர்ஸம்மா சொன்னாங்க" என்று குழாயைப் பிடுங்கினேன்.

"பொண்ணு வீட்டுக்காரக பந்தியில ஒக்காந்துட்டாக. ஒங்க நர்ஸம்மாவா வந்து பதில் சொல்லும்?"

ஆனாலும் நான் விடவில்லை. கொப்புளத்தை உடைக்கவும் விடவில்லை. துவைத்த வேட்டித் துணியை லேசாகச் சுற்றிவிட்டேன். மாமா செருப்புக்குள் காலை நுழைத்து ஒரு தரம் ஊன்றிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"முன்னாடிதான் உயிர் போகுது. குதிங்கால் ஒண்ணுமே பண்ணல. இதுல நடந்து சமாளிச்சுரலாம்."

சமாளித்தார். சாயங்காலம் வரை குதிங்காலாலேயே நடந்து பந்தி விசாரித்தார். மாமனாரை வேன் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். மாப்பிள்ளை நடை மிடுக்காக இருக்கிறது என்று அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர் சொன்னாராம்.

முன்பாதம் இரண்டு வாரத்தில் தழும்பில்லாமல் ஆறியது. குதிங்கால் நாலாம் நாளே வாடை அடித்தது. பெரியாஸ்பத்திரியில் தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். கல்யாணம் தள்ளிப்போனாலும் நின்றுபோகவில்லை. மாமா இப்போதும் சாய்ந்துதான் நடக்கிறார். அத்தை அதைப் பழித்துக் காட்டுவாள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்யாணச் சமையல் ஆட்களோடு ஊர் ஊராகப் போய்விட்டேன். எண்ணெயும் கஞ்சியும் மேலே கொட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அலறுகிறவருக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டு, வெளுத்துப்போய் வலிக்கவில்லை என்கிறவரை முதலில் ஆட்டோவில் ஏற்றுவேன். நரம்பும் வெந்த இடம் வலிக்காது. நர்ஸம்மா அன்று இதையும் சொல்லியிருப்பார். பாதிப் பேச்சில் நான் ஜன்னல் வழியாகக் குதித்து ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஓடியிருந்தேன்.

பூக்குழிக்கு மறுநாள் என் கணக்கு வேறாக இருந்தது. புரோட்டாவில் மாமா தின்றது பாதி, அதற்குத் தண்டனை முன்பாதம். கேட்டு அழுதவள் நான், என் பாதியை அம்மன் மன்னித்துவிட்டாள். அதனால்தான் குதிங்கால் வலிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போய், அந்தக் குதிங்காலுக்காக ஒரு கட்டிச் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.