ஜெஜூன் கபூர்

கபூரின் படிப்பைக் கெடுத்தவன் நான்.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுநாள், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, "ஜெஜூன் கபூர்ர மகள்ர மையித்துக் கிடைச்சிருக்கு" என்றது. ஐம்பது வருடத்துக்கு முந்திய வகுப்பறையின் சோக்குத் தூள் என் மூக்கில் ஏறியது.

அன்று கபூர் தன் ஆங்கிலக் கட்டுரையை எழுந்து வாசித்தான். கடல் பெரியது. கடல் நல்லது. கடல் எங்களுக்குச் சோறு தருகிறது. மாஸ்டர் அவனை மெச்சினார். எனக்குப் பொறுக்கவில்லை. அகராதியில் புதிதாகக் கண்டெடுத்திருந்த சொல்லை வீசினேன்.

"இது ஜெஜூன், சேர்."

சாரமற்றது, பிள்ளைத்தனமானது என்று பொருள். அது எவருக்கும் விளங்கவில்லை. என்றாலும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதுவே அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தை விட்டு வாப்பாவின் தோணியில் ஏறிவிட்டான்.

மகளின் உடலை அடக்கிய பிறகு, வீடிழந்தவர்களின் முகாமில் அவனைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கென்ன கருத்து மச்சான்? இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியா."

சொன்னேன்.

"கடல் நல்லது எண்டுதானே எழுதின நான்," என்றான். "ஓம், நீ சொன்னது சரிதான்."