அனுப்பக் கூடாத கடிதத்தை ஆண்டவர் அனுப்பிவைத்தார்

இயேசுவை நம்பியிருக்கிற என் சகோதர சகோதரிகளுக்கு, திருவொற்றியூரிலிருந்து கிரேஸ் எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னால் பாதியிலேயே அழுது உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுத்தில் சொல்கிறேன். கடிதம் எழுதுவதுதான் என் வேலையும்கூட.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், எங்கள் மையத்தை மூடிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்துவிட்டது. விம்கோ நகரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிற சின்ன மையம். மூளை வாதத்தால் கைகால் சரியாக வராத பிள்ளைகளுக்கு அங்கே பிசியோதெரபி கொடுக்கிறோம். என் மகள் பெனிட்டாவும் அங்கே வருகிறவள்தான். எட்டு வயது. என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் ஒப்பந்த வேலை. தனியாகப் பணம் கட்டிச் சிகிச்சை கொடுக்க எங்களால் முடியாது. நிறுத்தினால் காலில் தசை இறுகிப்போகும், இதுவரை வந்ததும் போய்விடும் என்று தெரபிஸ்ட் ஸ்டெல்லா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பெனிட்டா அப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். எழுந்து நின்றதும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

மையம் முழுக்க நன்கொடையில் ஓடுகிறது. மாதாமாதம் நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஈமெயில் உள்ளவர்களுக்கு ஈமெயில், இல்லாதவர்களுக்குத் தபால். என் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா? "தங்கள் மேலான சமுகத்திற்கு வந்தனங்கள். தாங்கள் இதுகாறும் நல்கிவந்த பேராதரவு" என்று ஆரம்பிக்கும். நடுவில் வாடகை, வண்டிச் செலவு. கடைசியில் வங்கிக் கணக்கு எண். நான் தென்மாவட்டத்துக்காரி, பள்ளியில் தமிழில் முதலாவதாக வந்தவள் என்கிற பெருமை வேறு. பிள்ளைகளை அழைத்து வரும் வேனை ஓட்டுகிற மாரி ஒருநாள் அதை வாங்கிப் படித்துப் பார்த்தார். "யக்கா, கரண்டு பில்லு கூட இத்த விட அன்பா பேசுமே" என்றார். எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் அவர் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ராயபுரத்தில் பெயிண்ட் மொத்த வியாபாரம் செய்கிற சாமுவேல் அண்ணாச்சி நின்றதுதான் பெரிய அடி. மையம் தொடங்கிய நாளிலிருந்து வாடகையில் பாதி அவருடையது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. கமிட்டியில், "கடைசியா ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க சிஸ்டர். ஒண்ணும் வரலைன்னா மாசக் கடைசியோட மூடிரலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடைசிக் கடிதத்தை எழுதத்தான் மத்தியானம் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தேன். என் போனில் நாம் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும் வசதி உண்டு. கண் எரிச்சலுக்காக நான் அப்படித்தான் எழுதுவேன். வழக்கம்போல வந்தனங்கள், பேராதரவு, கணக்கு எண் எல்லாம் சொல்லி முடித்தேன். முடித்ததும் மனது விட்டுப்போயிற்று. இதைப் படித்து யார் மனம் இரங்குவார்கள்? போனை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே முழங்காலில் நின்றேன். நம்முடைய ஜெபம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மூச்சுவிட இடம் கொடுக்காமல் வாய்விட்டுப் பேசினேன்.

"ஆண்டவரே, என்னத்த எழுதட்டும்? எழுதி எழுதி எனக்கே சலிச்சுப்போச்சு. அண்ணாச்சி ஏன் பேச மாட்டேங்கிறாங்க? என் மேல வருத்தமா? இல்ல, உடம்புக்கு முடியலையா? அப்படின்னா அவங்களைத் தொடும் ஐயா. மீஞ்சூர் டீச்சரம்மா ரிட்டயர் ஆனாங்களே, பென்ஷன் வந்துச்சா? கப்பல்ல போன ஜெரால்டு தம்பி எந்தக் கடல்ல இருக்காரோ, பத்திரமா பாத்துக்கும். இவங்க யாரையும் நல்லா இருக்கீங்களான்னு நான் ஒரு வார்த்தை கேட்டதில்லையே. என் பிள்ளை இப்பதான் எழுந்து நிக்கிறா. அவளைத் திரும்ப உட்கார வெச்சிடாதேயும்."

வாசலிலிருந்து மாரி குரல் கொடுத்தார். எழுந்து முகத்தைத் துடைத்தேன். எண்ணூர் பிள்ளைகளை வேனில் ஏற்ற வேண்டிய நேரம். போனை எடுத்தேன், கடிதத்தின் மேல் பாகம் தெரிந்தது, அனுப்பிவிட்டேன். ஈமெயில் பட்டியலில் உள்ள எல்லாருக்கும். தபாலுக்கு வேண்டிய பிரதி எடுக்க, அதையே சேகரின் டிடிபி கடைக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் பிரதிகளை வாங்கப் போனேன். சேகர் ஆளே ஒரு மாதிரி இருந்தார்.

"இன்னாக்கா, இந்த தபா லெட்டரு வேற மாதிரி கீது? படிச்சிகினே இருந்தனா, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா அந்தத் தண்ணி கேனு மேட்டரு தான் பிரியல."

"எந்தத் தண்ணி கேன்?"

காகிதத்தை நீட்டினார். கணக்கு எண்ணுக்குக் கீழே என் ஜெபம் முழுக்க அச்சாகியிருந்தது. கடைசி வரி இது: "அவளைத் திரும்ப உட்கார வெச்சிடாதேயும் யக்கா தண்ணி கேனு வந்துகீது எங்க வெக்கிறது." மாரி வாசலில் கேட்டதுவரைக்கும் போன் காதைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நானும் மூச்சு விடாமல் பேசியிருக்கிறேன்.

ஈமெயில் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பிரதிகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கடை வாசலில் நிற்கும்போதே போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான் ராயபுரம் சாமுவேல் பையன் பேசறேன். எங்கப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல தம்பி. அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன?"

"ஊருக்கெல்லாம் மெயில் போட்டுட்டு என்னைக் கேக்கறீங்களா? கடைவீதியில யாருக்கும் தெரியாம வெச்சிருக்கோம். தெரிஞ்சா கடனுக்குச் சரக்கு குடுத்தவன் நாளைக்கே வாசல்ல வந்து நிப்பான். உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"நான் ஆண்டவர்கிட்டதான் கேட்டேன் தம்பி. அது தவறி உங்களுக்கும் வந்திருச்சு."

அவர் போனை வைத்துவிட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை. மையத்தைக் காப்பாற்றப் போய், நமக்கு நல்லது செய்தவர் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே என்று நொந்துபோனேன். பிரதிகளை வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அன்றைக்கு ராத்திரி நான் செய்த ஜெபம் ஒரே வரிதான். ஆண்டவரே, நான் கெடுத்ததை நீர் சரிசெய்யும்.

மறுநாள் காலையில் அதே நம்பர். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. "மெயிலை அப்பாகிட்ட நான் காட்டல. என் வீட்டம்மா படிச்சுக் காட்டிட்டாங்க. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி நேத்துலேர்ந்து ஒரே பிடிவாதம். கொஞ்சம் வர முடியுமா?"

ஸ்டெல்லாவும் நானும் மாரியின் வேனில் போனோம். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம். கிறிஸ்துமஸ் நேரத்தில் வந்திருக்கிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கணக்கு வழக்கு மகன் கைக்கு வந்தபோது, மையத்துக்கு மாதாமாதம் போவது என்னவென்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறார். கொஞ்ச நாள் பிசியோதெரபி நடந்தது. அப்புறம் அண்ணாச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எத்தனையோ பிள்ளைகளை நடக்கவைக்கப் பணம் கொடுத்த மனுஷன், தான் நடக்க வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். நாக்குக் குழற, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கடைக்கு நான் வரலன்ன உடனே, எல்லாரும் சரக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. எனக்கு என்னாச்சுன்னு நீ ஒருத்திதாம்மா கேட்ட."

"உங்ககிட்ட நான் கேக்கலையே அண்ணாச்சி."

"அவர்கிட்ட கேட்டியே. அது போதும்லா."

அதற்குமேல் நான் அடக்கவில்லை. ஓவென்று அழுதேன். ஸ்டெல்லா அழவில்லை. அண்ணாச்சியின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "இப்படி விட்டுட்டீங்களே ஐயா. வேன் வரும். நாளையிலேர்ந்து மையத்துக்கு வாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது, தபாலில் போகாத பிரதிகளைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். கடைவீதியில் பலருக்கும் அவை போக வேண்டியவை. அண்ணாச்சி தலையை ஆட்டினார். "கிழிக்காத. போடு."

"அப்பா!" என்றார் மகன்.

"ஜெபிக்கட்டும்லே. கடன்காரன் ஜெபிச்சா ஆண்டவர் கேக்க மாட்டாரா?" பாதி வாயால் சிரித்தார். "அந்தத் தண்ணி கேனையும் எடுத்துராத."

போட்டேன். அண்ணாச்சிக்குச் சரக்குக் கொடுத்தவர் மகன் பயந்த மாதிரியே வாசலில் வந்து நின்றார், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. கட்டிலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். மீஞ்சூர் டீச்சரம்மா கடிதம் போட்டிருந்தார். "பென்ஷன் வந்துவிட்டது. கேட்டதற்கு நன்றி. இத்துடன் என்னால் ஆனதை அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் கேனை எங்கே வைத்தீர்கள்?" ஜெரால்டு தம்பி எந்தக் கடலிலும் இல்லை. வேலை போய் காசிமேட்டில் வீட்டோடு இருந்திருக்கிறார். கொடுக்க ஒன்றுமில்லாத வெட்கத்தில்தான் பதில் எழுதவில்லை. இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை வந்து சக்கர நாற்காலிகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். அவருக்கு ஒரு நல்ல கப்பல் கிடைக்க நாங்கள் ஜெபிக்கிறோம். நீங்களும் ஜெபியுங்கள்.

வாரக்கணக்கில் பதில் வந்துகொண்டே இருந்தது. யாரும் பெரிய தொகை கொடுத்துவிடவில்லை. நின்றுபோனவர்களில் பலபேர் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். அண்ணாச்சியின் பங்கை மகனே மறுபடி ஆரம்பித்துவைத்தார். மாதக் கடைசி வந்தது. மையத்தை மூடவில்லை. இன்றைக்கும் மூடவில்லை. ஆண்டவருக்கே மகிமை.

நான் பணம் கேட்டு ஜெபித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சான காகிதத்தை அப்புறம் எத்தனை முறை படித்தாலும் அந்த ஜெபத்தில் பணம் என்ற வார்த்தையே இல்லை. என் வாயில் வந்ததெல்லாம் மனிதர்களின் பெயர். வருஷக்கணக்கில் அவர்களுக்கு நான் எழுதாத கடிதத்தை ஆண்டவர் என் வாயிலிருந்து எடுத்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது கடிதம் எழுத உட்காரும் முன் போன் போட்டு விசாரிக்கிறேன். 'மேலான சமுகம்' ஒழிந்தது. யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கண் ஆபரேஷன் என்று எனக்குத் தெரியும். பெனிட்டா எத்தனை அடி வைத்தாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

அண்ணாச்சி வாரத்துக்கு மூன்று நாள் வேனில் வருகிறார். இரண்டு பக்கமும் கம்பி போட்ட நடைபாதையில் ஒரு முனையில் அவர், மறுமுனையில் பெனிட்டா. போன மாதம் ஒருநாள் அவர் பாதியில் களைத்துப்போய், "போதும், நாற்காலியைக் கொண்டா" என்றார். பெனிட்டாவுக்குப் பேச்சு அதிகம் வராது. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து அவரை நோக்கி நீட்டி, "வா" என்றாள். அவர் வந்தார். ஸ்டெல்லா அன்றைக்குத்தான் அழுதார்.

இதைப் படிக்கிற சகோதரனே, சகோதரியே, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லாமல் நீயும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாம். நம் ஆண்டவர் கேட்கிறவர். அவரிடம் அழகாகப் பேச வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி கொட்டிவிடுங்கள், அதைச் சேர வேண்டிய இடத்தில் அவர் சேர்ப்பார். எங்கள் மையத்தில் புதன்கிழமை காலையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிக்கிறார்கள். காணிக்கை ஒன்றும் அனுப்ப வேண்டாம். உங்கள் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள், பெனிட்டா சொல்லுவாள். அவள் வாயில் சில எழுத்துகள் சரியாக வராது. ஆண்டவருக்குப் புரியும்.