அக்கா எழுதாமல் விட்ட ஒரு வரி

என் அக்கா ஓர் அழுத்தக்காரி. சந்தோஷமோ கோபமோ, முகத்தில் ஒன்றும் தெரியாது. தன் கல்யாணத்தன்றுகூட ஏதோ வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவள் மாதிரிதான் நின்றாள். தண்ணீர் விநியோக அலுவலகத்தில் இருபது வருடமாக ப்ரோகிராம் எழுதுகிறாள்.

நாளை தண்ணீர் வராது, மீட்டர் மாற்ற ஆள் வருவார் என்று ஊருக்கெல்லாம் கடிதம் போகிறதே, அது அவள் கைவேலை. ப்ரோகிராமே வேர்ட் கோப்பைத் திறந்து, பெயரையும் முகவரியையும் நிரப்பி, அச்சுக்கு அனுப்பிவிட்டு மூடிவிடும். ஆயிரம் கோப்புகள் திரையில் வந்து வந்து போனால் யாருக்குத்தான் தலை சுற்றாது? அதனால் தொடக்கத்திலேயே இரண்டு வரி எழுதிவிடுவாள்: திரையில் காட்டாதே, எதுவும் கேட்காதே. "பிழைன்னு எதுவும் வரலேன்னா வேலை நடந்துடுச்சுன்னு அர்த்தம்டி" என்பாள். அவளுடைய குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது என்பது என் எண்ணம்.

அத்தான் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாது. பாதியில் நின்றுபோன லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், ஸ்பானரை எடுக்கும் முன்பே வெளியே நின்று கதை பேச ஆரம்பித்துவிடுவார், உள்ளே இருப்பவர் பயப்படக் கூடாதென்று. லிஃப்ட் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்துகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. "ஒரு தடவை போதுங்க, அதுக்குக் காது கேக்கும்" என்று கடிந்துகொள்வார்.

போன வருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் மெதுவாகிவிட்டது. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. லிஃப்டில் மாட்டியவர்களின் கதைகளை இடது கையின் ஒரே விரலால் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நாலு வரி. தட்டுவது வந்தது, கோப்பைத் திறப்பதுதான் வரவில்லை. மவுஸைப் பிடித்து இரண்டு முறை சட்டென்று அழுத்துவதற்குள் அம்புக்குறி எங்கேயோ ஓடிவிடும். தினமும் மாடியில் இருக்கும் என்னைக் கூப்பிட்டாக வேண்டும். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவருக்குத்தான் இருந்தது. எத்தனையோ பேரை லிஃப்டிலிருந்து வெளியே எடுத்த மனுஷன், ஒரு கோப்பைத் திறக்க மச்சினிச்சியைக் கூப்பிடுவதா? கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

அக்கா இதைக் கவனித்தாள். ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு சின்ன ப்ரோகிராம் போட்டாள். திரை முழுக்க 'திற' என்று ஒரே பொத்தான். விசைப்பலகையில் இருக்கும் நீளக் கட்டையைத் தட்டினால் போதும், ப்ரோகிராமே கோப்பைத் திறந்து, அவர் கடைசியாக எழுதிய வரியில் கொண்டுபோய் நிறுத்தும். பிழை எதுவும் வரவில்லை, தட்டிப் பார்க்க நேரமும் இல்லை. "இனிமே யாரையும் கூப்பிட வேண்டாங்க. இதைத் தட்டுங்க, திறந்துக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியம் சாப்பாட்டோடு நான் இறங்கி வந்தபோது அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அதே 'திற'.

"என்ன அத்தான், எழுதலையா?"

"இல்ல. தோணல."

"அக்காவோட பொத்தான் வேலை செய்யுதா?"

"இன்னும் தொடவே இல்ல."

இடது கையை மடியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாப்பாடு ஆறிவிடுமே என்ற கவலையில் விட்டுவிட்டேன். அந்த மடத்தனத்துக்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். தொடவே இல்லையாம் என்று நான் சொன்னேன். கம்ப்யூட்டரோ ஆமை வேகத்தில் நகர்ந்தது. உள்ளே என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலை அக்கா திறந்து பார்த்தாள். வேர்ட், வேர்ட், வேர்ட் என்று மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். விரல் வைத்து எண்ணினாள். இருபத்துமூன்று.

தோளில் இருந்த பையைக்கூட அவள் இன்னும் இறக்கவில்லை. அவசரத்தில் அலுவலகத்து வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். காட்டாதே, கேட்காதே. அவர் தட்டிய ஒவ்வொரு தடவையும் கோப்பு திறந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். திரையில் ஒன்றும் வராததைப் பார்த்து, ஒரு கட்டையைத் தட்டக்கூட இந்தக் கைக்கு வலுவில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

"மறுபடி மறுபடி குத்தினேன்." அத்தான் தலை நிமிரவில்லை. "நான் மத்தவங்களைத் திட்டுவேனே, அந்த மாதிரி. கை... அவ்வளவுதாம்மா. விட்டுரு."

அக்கா அவருடைய நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்க. இருபத்துமூணு தடவை தட்டியிருக்கீங்க. இருபத்துமூணு தடவையும் திறந்திருக்கு. உங்க கை ஒரு தடவைகூடத் தப்பல. நான்தான் கடைசியில காட்டுன்னு ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்கூட அழாதவள்.

அத்தான் பட்டியலைத் தானும் ஒருமுறை எண்ணினார், உதடு அசைய, மெதுவாக. பிறகு துண்டுக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருபத்துமூன்றையும் மூடி, அந்த வரியைச் சேர்த்தாள்.

"இப்பத் தட்டுங்க."

தட்டினார். கோப்பு வந்து நின்றது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்ட கதை, பாதி வரியில் நின்றிருந்தது.

"ஒரு தடவை போதும்," என்றார் அத்தான். "காது கேக்குது."

அக்கா அப்போதும் அழுகையை நிறுத்தவில்லை. அவர் விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"போய் முகத்தைக் கழுவிட்டு வாம்மா. டாக்டர் ரொம்ப நேரமா உள்ளயே நிக்கிறாரு."