வெர்னாவின் முறை

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்கு, அமெரிக்காவின் கென்டக்கி மலையூர் இசைக்குழு ஒன்றில் இருபது வருடமாகப் பின்வரிசைதான். குழுவுக்கு இருப்பது ஒரே மைக். பிடில், மாண்டலின், பான்ஜோ எல்லாம் முறைவைத்து அதன்முன் வந்து வெளுத்துக்கட்டும். அவள் வாசிக்கும் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸை மைக்குக்கு யார் இழுத்துக்கொண்டு அலைவது?

போன கோடைத் திருவிழாவில், புளூகிராஸ் என்னும் மலைநாட்டுப் பாட்டின் நடுவே, மைக் முன் நின்ற டெல்மரின் பான்ஜோ தந்தி பட்டென்று அறுந்தது.

"யக்கா, சமாளி!" என்று அலறினான்.

வெர்னா பாஸை நகர்த்தவில்லை; மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். ஜாஸ் நடையில் அவள் தந்திகளைச் சுண்டச் சுண்ட, கூட்டம் எழுந்து ஆடியது.

"இத்தன நாளா இத எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்த?"

"உன் முதுகுக்குப் பின்னாலதான்டா."

இப்போதெல்லாம் பாட்டு தொடங்குமுன்பே கூட்டம் கத்துகிறது: "டெல்மரு, தந்திய அறுப்பா!"