லண்டன் கேக்கும் முஸாஃபா கேக்கும்

1. முதல் நாள்

அபுதாபி முஸாஃபாவில் ஒரு கட்டுமான கம்பெனிக்கு செக்ரட்டரியாகப் போன முதல் நாள். ஆபரேஷன்ஸ் டைரக்டர் மிஸ்டர் பெம்பர்டன் என்னை எதிரே உட்கார வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"மிஸஸ் பெர்னாண்டோ, பின்னாடி தெரிஞ்சு சங்கடப்பட வேண்டாம், இப்பவே சொல்லிடறேன். நான் ஒரு கன்சர்வேட்டிவ்."

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் ஊரில் ஒருவர் இப்படிக் குரலைத் தாழ்த்தி எதையாவது சொன்னால் அது சபை விஷயமாகத்தான் இருக்கும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே மாதிரி இதுவும் ஒன்று போல என்று நினைத்து, "பரவாயில்லை சார், நான் ரோமன் கத்தோலிக்" என்றேன்.

மனுஷர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூமிலிருந்து குரியன் எட்டிப் பார்த்தார். குரியன் எங்கள் எச்.ஆர். மேனேஜர், கோட்டயத்துக்காரர். அது இங்கிலாந்தில் ஒரு அரசியல் கட்சி என்று அவர்தான் எனக்குப் பிறகு விளக்கினார். ஆனால் பெம்பர்டனோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் முதலில் நினைத்ததும் தப்பில்லை. அது சபைதான். தாத்தா அந்தக் கட்சி, அப்பா அந்தக் கட்சி, இவரும் அந்தக் கட்சி. ஞானஸ்நானம் மட்டும்தான் பாக்கி.

2. லண்டன் நிலவரம்

காலையில் ஒன்பதரை வரை பெம்பர்டன் லண்டன் செய்தி படிப்பார். அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது. கிரேன் சாய்ந்தாலும் ஒன்பதரைக்குத்தான் சாயவேண்டும்.

லீவ் ஃபார்மில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். அதனால் எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. லீவ் வேண்டியவன் ஃபார்மை என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்பான்: "அக்கா, லண்டன் எப்படி இருக்கு?" எதிர்க்கட்சிக்காரன் எவனாவது மாட்டிக்கொண்ட நாள் என்றால் ஃபார்மை உடனே உள்ளே அனுப்புவேன். இவருடைய கட்சிக்காரன் மாட்டியிருந்தால் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். ராமநாதபுரத்துத் தச்சனின் கல்யாணம் ஒரு அமைச்சரின் கள்ளத்தொடர்பால் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த அமைச்சருக்கு அது தெரியாது. தச்சனுக்கும் நான் சொல்லவில்லை.

ஊழல், அசிங்கம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு அளவுகோல் இருந்தது. பெண் விவகாரம் என்றால் முகத்தைச் சுளிப்பார். அது அவன் மனைவி பார்த்துக்கொள்ளவேண்டிய விஷயம் என்பார். பொய்தான் அவருக்குப் பெரிய பாவம்.

"எங்க அப்பா காலத்துல, மாட்டிக்கிட்டவன் அன்னைக்கு சாயந்திரமே ராஜினாமா பண்ணுவான். யாரும் கேக்கணும்னு காத்திருக்க மாட்டான். எதிர்க்கட்சி எப்பவும் ஊரைத் திருத்தணும்ங்கும். எங்க கட்சி வேலை அது இல்லை. ஒழுங்கா நடந்துகாட்டறதுதான்."

"அப்போ ஏன் சார் தினம் ஒருத்தர் மாட்டுறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டீ சொல்லுங்க, மிஸஸ் பெர்னாண்டோ" என்றார்.

3. கேக்

கொரோனா இரண்டாவது குளிர்காலத்தையும் பிடித்துக்கொண்ட சமயம். லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் அலையில் ஊரையெல்லாம் வீட்டுக்குள் பூட்டிவிட்டு, பிரதமர் அலுவலகத்திலேயே கூடிக் கொண்டாடியிருக்கிறார்கள் என்று. மது, கேக் எல்லாம். ஆள்வது பெம்பர்டனின் கட்சி.

அதற்குப் பிறகு டிராயரைத் திறக்கவே முடியவில்லை. லீவ் ஃபார்ம் உள்ளே மலையாகக் குவிந்தது.

அவருடைய கிளப்பில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், எதிர்க்கட்சி ஆள். தினமும் கேலி செய்து ஒரு மெயில் அனுப்புவார். பெம்பர்டன் அறைக்குள் நடந்துகொண்டே பதில் சொல்வார், நான் டைப் அடிப்பேன். அது விருந்து இல்லை, வேலை சம்பந்தமான கூடல். களைத்துப்போன ஊழியர்களுக்கு ஒரு உற்சாகம். கேக் இருந்திருக்கலாம், கொண்டாடும் நோக்கம் இல்லை. விசாரணை அறிக்கை வருமுன் தீர்ப்பு சொல்வது நாகரிகம் இல்லை. இதையே வார்த்தை மாற்றி மாற்றி எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சைட்டில் நம் ஆட்களுக்கு இது புரியவே இல்லை. "என்னது, ஒரு கேக்குக்கா?" என்று ஒரு ஃபோர்மேன் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டான். "நம்ம ஊர்ல இதெல்லாம் செய்தியிலயே வராதேக்கா. பாவம், நல்ல மனுசங்க போல."

4. ஆண்டனி

அதே மாதத்தில் தொழிலாளர்கள் தங்கும் எங்கள் கேம்பிலும் கொரோனா ஏறியது. கம்பெனியின் கொரோனா கமிட்டிக்குச் சேர்மன் பெம்பர்டன். அவர் சொல்லி நான் அடித்த சர்க்குலர் எல்லாக் கதவிலும் ஒட்டப்பட்டது. அடுத்தவர் ரூமுக்குப் போகக்கூடாது, கூட்டம் கூடக்கூடாது, மீறினால் டெர்மினேஷன்.

ஆண்டனி பைப் ஃபிட்டர், குளச்சல் பக்கம். அவன் இங்கே வந்தபிறகுதான் மகள் பிறந்தாள். விமானம் நின்றது, லீவ் நின்றது. இரண்டு வயதாகியும் பிள்ளையை நேரில் பார்க்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போக லீவ் கேட்டிருந்தான். அந்த ஃபார்மும் என் டிராயரில்தான் கிடந்தது.

பிள்ளையின் பிறந்தநாளன்று பக்கத்து ரூம் ஆட்களையும் கூப்பிட்டு வீடியோ காலில் கேக் வெட்டிவிட்டான். அதோடு விட்டானா? அந்த வீடியோவைத் தூக்கி வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்தான். அவன் மனைவி பார்த்தாள், மாமியார் பார்த்தாள், கேம்ப் சூப்பர்வைசரும் பார்த்தான்.

டெர்மினேஷன் லெட்டரை அடிக்கச் சொல்லி குரியன் என்னிடம் வந்தார். விசா கேன்சல், ஒருவழி டிக்கெட். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு எக்ஸ்ப்ளனேஷன் வாங்கவேண்டும், அது முறை.

ஆண்டனி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிவந்திருந்தது.

"எக்கா, எனக்கு ஊருக்குப் போணும்னுதான் ஆசை. ஆனா இப்பிடி போகப்பிடாதுக்கா. இப்பம் வேலை போனா வேற எவன் விசா தருவான்? எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஏல, உனக்கு அறிவு இருக்கா? வெட்டுனதுதான் வெட்டுன, ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டணுமால?"

"பொஞ்சாதி கேட்டாக்கா."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எத்தனை வாரமாக பெம்பர்டனுடைய மெயிலை அடித்திருக்கிறேன்! எந்தச் சமாதானத்தை அவர் மனசு ஏற்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அங்கேயே உட்கார்ந்து ஆண்டனிக்காக எழுதினேன். அது பிறந்தநாள் விழா அல்ல, களைத்துப்போன தொழிலாளர்களின் வேலை சம்பந்தமான கூடல். கேக் இருந்தது உண்மை, கொண்டாடும் நோக்கம் இல்லை. முழு விசாரணைக்கு முன் தீர்ப்பு வேண்டாம்.

ஆண்டனிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "கேக்க நாங்க தின்னுட்டோமே எக்கா" என்றான்.

"வாய மூடு. தின்னீங்க, ஆனா கொண்டாடுற நோக்கத்துல திங்கல. கையெழுத்துப் போடு."

போட்டான்.

5. உள்ளே

பெம்பர்டன் அதை ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தார். குரியனும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"இதை எழுதினது யார்?"

"நான்தான் சார்."

"எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"உங்க மெயில்லேருந்து சார்."

குரியன் மெல்ல ஒரு அடி என்னைவிட்டுத் தள்ளி நின்றார். என் வேலையும் சேர்ந்து போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"ஒரு அயோக்கியன் எழுதற கடிதம் மாதிரி இருக்கு" என்றார் பெம்பர்டன்.

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா? அவர் நம்பித்தான் அந்த மெயிலையெல்லாம் சொன்னார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, கட்சி என்பதால் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். குடித்துவிட்டு வந்த அண்ணனை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்காத தம்பி மாதிரி.

ஆண்டனியைக் கூப்பிடச் சொன்னார். அவன் வேலை உடுப்பான கவராலோடு வந்து வாசலோரம் நின்றான்.

"ரூல் உனக்குத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நோ சார், ஐ நோ சார்" என்றான் ஆண்டனி. பிறகு என்னைப் பார்த்து, "எக்கா, தெரியும்னு சொல்லுங்க. கதவுலதான ஒட்டியிருக்கு" என்றான். சொன்னேன்.

"அப்புறம் ஏன்?"

"பேபி சார். டூ இயர். நோ சீ. கேக் கட், பேபி கிளாப்." ஆண்டனி கையைத் தட்டிக் காட்டினான்.

"செஞ்சது தப்பா, இல்லையா?"

"ராங் சார்" என்றான் உடனே. நான் மூச்சு விட்டேன். அதோடு நிறுத்தினானா? "எக்கா, சாருட்ட சொல்லுங்க, தப்புதான். ஆனா அடுத்த பொறந்தநாளைக்கும் இப்பிடி இங்க கெடந்தா திரும்பவும் வெட்டத்தான் செய்வேன்" என்றான்.

பாவி மனுஷன்! மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் பெம்பர்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்படியே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டி, ஆண்டனியை வெளியே இருக்கச் சொன்னார்.

"சர்க்குலர் ஒட்டினதுக்கு அப்புறம்தான், போன வியாழக்கிழமை அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு ஃபேர்வெல். அந்தக் கேக் ஆர்டர் பண்ணது யார்?"

"நான் சார்."

"யார் சொல்லி?"

"நீங்கதான் சார் சொன்னீங்க."

"அங்க பேச்சு பேசினது?"

"நீங்கதான் சார்."

குரியன் பதறிப்போனார். "சார், அது வேற சார். அது கான்ஃபரன்ஸ் ரூம். எல்லாரும் சீனியர் ஸ்டாஃப். அதை யாரும் கேக்க மாட்டாங்க."

"அதேதான் குரியன். யாரும் கேக்க மாட்டாங்க."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமல், என்னை நேரே பார்த்து டிக்டேஷன் கொடுத்தார். ஹெட் ஆபீஸுக்கு அவர் எழுதும் கடிதம். நான் போட்ட சர்க்குலரை நானே மீறினேன். ஆண்டனியின் தவறு என் தவறைவிடப் பெரியதில்லை. அவருக்கு ஒரு வார்னிங் போதும். நான் இன்றோடு ராஜினாமா செய்கிறேன். அடிக்கும்போது எனக்குக் கண் மறைத்தது. "சார், வேண்டாம் சார்" என்றேன், வெட்கத்தைவிட்டு. "ஃபுல் ஸ்டாப், மிஸஸ் பெர்னாண்டோ" என்றார்.

6. பிறகு

ஹெட் ஆபீஸ் ஒரு மணி நேரத்தில் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. அவருடைய சம்பளம் பெரியது, வேறு ஆளை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனியில் எந்தப் பேப்பரும் அத்தனை வேகமாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆண்டனிக்கு வார்னிங்கோடு போயிற்று. கிளம்புமுன் டிராயரில் இருந்த லீவ் ஃபார்ம் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றுகூட விடாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. "என்னது, ஒரு கேக்குக்கா?" லண்டனில் அன்றைக்கும் எல்லோரும் அவரவர் நாற்காலியில்தான் இருந்தார்கள். அவர்களுடைய கட்சி மானத்தைக் காப்பாற்ற வேலையை விட்டவர் முஸாஃபாவில் ஒருவர்தான். அவர்களுக்கு அது தெரியாது.

கார் வரும்வரை அவரோடு வாசலில் நின்றேன். "நான் முட்டாள்தனம் பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்று கைகொடுக்க வந்தார். சர்க்குலர் ஞாபகம் வந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டுப் போனார்.

ஆண்டனி ஊருக்குப் போய்ச் சேர்ந்து வாய்ஸ் மெசேஜ் போட்டான். "எக்கா, பிள்ளை என்னைக் கண்டா அழுது ஓடுதுக்கா. போனைத்தான் அப்பான்னு நெனச்சிருக்கு." பத்து நாள் கழித்து இன்னொன்று வந்தது. அதில் அவன் பேச்சே இல்லை, ஒரு குழந்தை கத்திச் சிரிக்கும் சத்தம் மட்டும். பெம்பர்டனுக்கு அனுப்பினேன். "இந்தக் குளிர்காலத்தில் எனக்கு வந்த முதல் நல்ல செய்தி" என்று பதில் போட்டார்.

புது டைரக்டர் முதல் நாளே என்னிடம் தனக்கு அரசியலில் ஈடுபாடே இல்லை என்றார். உண்மைதான், எந்தக் கட்சியும் இல்லை, எந்தச் செய்தியும் படிப்பதில்லை. ஒன்பதரைவரை காத்திருக்க வேண்டாம், கதவு எப்போதும் திறந்திருக்கும். அவர் வந்த மூன்றாம் மாதம் சைட்டில் ஒரு விதி மீறப்பட்டது, அவர் வாய்மொழியாகச் சொல்லித்தான். மாட்டியது ஃபோர்மேனுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு சார்ஜ்ஹேண்ட். அவனுடைய டெர்மினேஷனை நான்தான் அடித்தேன். புது டைரக்டர் ஃபோனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம், எப்படிப்பட்ட பாஸ் வேண்டும் என்று கேட்கிறார்கள். கொள்கை, கட்சி, அப்பா காலம் என்று உயிரை வாங்கும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். அந்த மனுஷரைப் பார்த்துப் பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன். அதன்பிறகு அந்த ஆபீஸில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.